கால் பங்கு தானாக வந்துவிடுமா?
ஜீவனாம்சம்: வாசகர் கேள்விகளும் சட்ட ஆலோசகர்களின் பதில்களும்

விவாகரத்து வழக்குகளில் ஜீவனாம்சம் எப்படி முடிவாகிறது என்று வாசகர்கள் கேட்டிருந்தவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: கணவர் தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். பிடித்தம் போக 72,000 ரூபாய் கைக்கு வருகிறது. எட்டு வயது மகன் என்னோடு இருக்கிறான். விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டது அவர்தான். "சம்பளத்தில் கால் பங்கு சட்டப்படி உனக்கு வந்துவிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
(வாசகி, ஈரோடு)

அப்படி ஒரு சட்டம் கிடையாது. இந்து திருமணச் சட்டத்திலும் சரி, வேறு எந்தச் சட்டத்திலும் சரி, இத்தனை சதவீதம் என்று எங்கும் எழுதவில்லை. 1970-ல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நிகர சம்பளத்தில் 25 சதவீதம் என்ற அளவு பேசப்பட்டது. 2017-ல் கல்யாண் டே சௌத்ரி வழக்கில் அதை மறுபடியும் எடுத்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து எல்லா மனுவிலும் "25 சதவீதம்" வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த வழக்கின் முடிவை மட்டும் யாரும் சொல்வதில்லை. கணவரின் நிகர சம்பளம் 95,527 ரூபாய். அவர் மறுமணம் செய்து குழந்தையும் பிறந்திருந்ததால், உயர் நீதிமன்றம் விதித்திருந்த 23,000 ரூபாயை உச்ச நீதிமன்றம் 20,000 ஆகக் குறைத்தது. கணக்குப் போட்டால் அது 21 சதவீதம்கூட வராது.

நீதிபதி இரண்டு பக்கத்தைப் பார்க்கிறார்: உங்களுக்கு மாதம் எவ்வளவு தேவை, அவரால் எவ்வளவு தர முடியும். திருமணம் எத்தனை ஆண்டு நீடித்தது, சேர்ந்து வாழ்ந்தபோது எந்த வசதியில் இருந்தீர்கள், இருவருடைய வயது, உடல்நிலை, படிப்பு, வேலை, அவரை நம்பி இருப்பவர்கள், குழந்தை யாரிடம் வளர்கிறது என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். 2020 நவம்பர் 4-ல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு இவற்றை வரிசைப்படுத்தியது. 2024 டிசம்பரில் பர்வீன் குமார் ஜெயின் வழக்கிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

ஆகவே மனுவில் "மாதம் 40,000 வேண்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். உதாரணத்துக்கு: வீட்டு வாடகை 8,000, மளிகை, பால், காய்கறி 9,000, மின்சாரம், கேஸ், போன் 2,300, மருந்து 1,500, பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 60,000 என்றால் மாதக் கணக்கில் 5,000, பள்ளி வேன் 1,200. கூட்டினால் 27,000. ஒவ்வொன்றுக்கும் ரசீதோ வாடகை ஒப்பந்தமோ வங்கிப் பதிவோ இணையுங்கள். மகனுக்கான தொகையைத் தனியாகக் காட்டுங்கள். பிள்ளையின் படிப்புச் செலவைப் பொதுவாகத் தகப்பன்தான் ஏற்க வேண்டும், தாயும் சம்பாதித்தால் விகிதப்படி பகிரலாம் என்பது அதே 2020 தீர்ப்பு. தனியாகக் காட்டுவதில் இன்னொரு நன்மை உண்டு. நாளைக்கு உங்கள் பங்கு குறைந்தாலோ நின்றாலோ மகனுடைய பங்குக்கு ஒன்றும் ஆகாது.

வழக்கை அவர் போட்டிருந்தாலும் நீங்கள் அதே வழக்கில் இந்து திருமணச் சட்டம் 24-ம் பிரிவின்படி இடைக்கால ஜீவனாம்சமும் (வழக்கு நடக்கும்வரை தரும் மாதப் பணம்) வழக்குச் செலவும் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் நீளும். ஆனால் உத்தரவு எப்போது வந்தாலும் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்பது 2020 தீர்ப்பு. அதனால் "பேச்சுவார்த்தை நடக்கிறதே, முடியட்டும்" என்று மனுவைத் தள்ளிப்போட்டால் அந்த மாதங்களுக்கான பணம் போனதுதான்.

கேள்வி: சம்பளம் கையில் 90,000. வீட்டுக் கடன், கார் கடன், பெர்சனல் லோன் எல்லாம் சேர்ந்து 48,000 இ.எம்.ஐ. மீதி 42,000-ல் அப்பா அம்மாவையும் பார்க்கிறேன். இதை நீதிமன்றம் கணக்கில் எடுக்குமா?
(வாசகர், ஓசூர்)

வருமான வரி, கட்டாய பி.எஃப். போன்ற சட்டப்படியான பிடித்தங்களைக் கழிப்பார்கள். நாமாக விரும்பி வாங்கிய கடனை அப்படியே கழிக்க மாட்டார்கள். பெர்சனல் லோனும் கூட்டுறவுச் சங்கக் கடனும் வழக்கு வந்த பிறகு எடுத்தவை என்றால் தேதியைப் பார்த்ததுமே நீதிபதிக்குப் புரிந்துவிடும். விருப்பப்பட்டுக் கட்டும் கூடுதல் பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி., காப்பீட்டு பிரீமியம் எல்லாம் சேமிப்பு. அவை உங்களிடமே இருக்கின்றன.

வீட்டுக் கடன் கொஞ்சம் வேறு. அந்த வீட்டில் மனைவியும் குழந்தைகளும் குடியிருந்தால் அந்த இ.எம்.ஐ. அவர்களுடைய இருப்பிடச் செலவைத் தாங்குகிறது என்று எடுத்துச் சொல்லலாம். வீட்டில் நீங்கள் மட்டும் இருந்தால் அந்த வாதம் நிற்காது. பெற்றோர் உங்களை நம்பி இருப்பது கணக்கில் வரும். ஆனால் அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறதா, உடன்பிறந்தவர்கள் பங்கு கொடுக்கிறார்களா என்ற கேள்வியும் வரும். மருத்துவமனை ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். வேலையை விட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உடல் திடமாக உள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று 2022-ல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இரண்டு கார், சொந்த வீடு. வருமான வரிக் கணக்கில் வருடம் நாலு லட்சம்தான் காட்டுகிறார். நீதிமன்றத்திலும் அதையே சொல்கிறார். நான் எதைக் காட்டுவது?
(வாசகி, விருதுநகர்)

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்கில் இருவருமே சொத்து, வருமானம், கடன் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். படிவம் அந்தத் தீர்ப்பின் இணைப்பிலேயே இருக்கிறது. விவசாயக் குடும்பத்தாருக்குத் தனிப் படிவம். மனுதாரர் மனுவோடு சேர்த்துப் போட வேண்டும். எதிர்த்தரப்பு நான்கு வாரத்துக்குள் போட வேண்டும். இரண்டு வாய்தாவுக்கு மேல் இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீதிமன்றம் நீக்கலாம். இடையில் வருமானம் மாறினால் திருத்திய பத்திரம் போட வேண்டும். பொய் சொன்னது தெரிந்தால் பொய்ச் சத்தியத்துக்கும் நீதிமன்ற அவமதிப்புக்கும் நடவடிக்கை கோரலாம்.

உங்கள் முதல் வேலை உங்கள் பத்திரத்தை ஒழுங்காகப் போடுவது. டியூஷன் எடுத்து வரும் மூவாயிரத்தைக்கூட எழுதுங்கள். அம்மா வீட்டில் போட்ட டெபாசிட்டை மறைத்துவிட்டு அவர் மறைத்ததைப் பேச முடியாது. குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது அவர் பத்திரம். அதில் எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் வரிசையாகக் குறியுங்கள். பிறகு எந்த ஆவணம் யாரிடம் இருக்கிறது என்று சொல்லி, அதை வரவழைக்க மனுப் போடுங்கள். கடை பில்லிலேயே ஜி.எஸ்.டி. எண் இருக்கும், அதை வைத்து ரிட்டர்ன்களைக் கேட்கலாம். நடப்புக் கணக்கின் மூன்று வருட ஸ்டேட்மெண்ட் கேட்கலாம், யு.பி.ஐ. வரவு முழுவதும் அதில் வந்துவிடும். பலரும் விட்டுவிடும் ஆவணம் ஒன்று உண்டு: கார் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ வங்கியில் கொடுத்த விண்ணப்பம். வருமான வரிக்கு நாலு லட்சம் காட்டியவர் கடனுக்காக அதே வருடம் பன்னிரண்டு லட்சம் என்று கையெழுத்துப் போட்டிருப்பார். பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் வருமானம் என்று எழுதியதும் உதவும்.

நிலம், வீடு விஷயத்தில் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே வில்லங்கம் பார்க்கலாம். ஆளின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது. சர்வே எண்ணோ ஆவண எண்ணோ வேண்டும். பழைய பத்திர நகல், பட்டா நகல் ஏதாவது வீட்டில் இருந்தால் முதலில் அதைப் படம் எடுத்து வையுங்கள். வழக்கு வந்ததும் சொத்தை அண்ணன் பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்றியிருந்தால் வில்லங்கச் சான்றில் தேதியோடு தெரியும். அந்தத் தேதியே உங்களுக்குச் சாட்சி.

அவருடைய நெட் பேங்கிங் பாஸ்வேர்டு தெரியும் என்று உள்ளே போய் ஸ்டேட்மெண்ட் எடுக்காதீர்கள். அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் உங்கள்மேல் தனி வழக்காக வரும்.

இத்தனைக்குப் பிறகும் அவர் உண்மையைச் சொல்லவில்லை என்றால், அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்ற சாட்சியச் சட்ட விதியின்படி, வாழ்க்கை வசதியைப் பார்த்து வருமானத்தை நீதிமன்றமே மதிப்பிடும். அப்படி மதிப்பிடுவதற்கும் அடித்தளமாக ஏதாவது தாள் வேண்டும். அக்கம்பக்கத்தார் சொன்னது போதாது.

கேள்வி: பி.இ. படித்திருக்கிறேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். இப்போது ஒரு பள்ளியில் 14,000 ரூபாய் சம்பளம். "படித்தவள், சம்பாதிப்பவள், ஒன்றும் கிடையாது" என்கிறார் கணவரின் வக்கீல்.
(வாசகி, திருச்சி)

சம்பாதிக்கும் தகுதி வேறு, சம்பாதிப்பது வேறு. உச்ச நீதிமன்றம் ஷைலஜா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சொற்பச் சம்பளம் வருவதால் மட்டும் உரிமை போய்விடாது; அந்தத் தொகை உங்கள் வாழ்க்கைத் தரத்துக்குப் போதுமா என்பதே கேள்வி. 14,000-ஐக் கழித்துக்கொண்டு மீதித் தேவைக்கு உத்தரவு கேளுங்கள். பழைய கம்பெனியின் அனுபவச் சான்றும் ராஜினாமாக் கடிதமும் இருந்தால் போடுங்கள். குழந்தைக்காக எத்தனை வருடம் வேலையை விட்டீர்கள் என்பது, விவாகரத்துத் தீர்ப்புக்குப் பிந்தைய காலத்துக்கான நிரந்தர ஜீவனாம்சத்தில் கணக்கில் வரும். சம்பளத்தை மட்டும் மறைக்க வேண்டாம். பி.எஃப். கணக்கு எண் ஒன்றை வைத்தே எதிர்த்தரப்பு கண்டுபிடித்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கணவருக்கு இணையாகச் சம்பாதிக்கிற, பிள்ளை இல்லாத, திருமணமாகி ஓரிரு வருடத்திலேயே பிரிந்த மனைவிக்குப் பெரிய தொகை கிடைப்பது அரிது. கணவரின் சொத்துக்குச் சமமாக மனைவியை உயர்த்துவது ஜீவனாம்சத்தின் நோக்கம் இல்லை என்று 2024 டிசம்பரில் ரிங்கு பஹேதி வழக்கிலும் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: குடும்ப வன்முறைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ம் பிரிவு, விவாகரத்து வழக்கு என்று மூன்று இடத்திலும் ஜீவனாம்சம் கேட்கலாமா?
(வாசகி, சென்னை)

கேட்கலாம். ஆனால் மூன்று மடங்கு கிடைக்காது. முந்தைய உத்தரவை அடுத்த நீதிமன்றத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தத் தொகையைக் கழித்தே அடுத்தது வரும்.

2024 ஜூலை 1 முதல் பழைய 125-ம் பிரிவு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவாகிவிட்டது. மதம் பார்க்காத பிரிவு இது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதில் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கிறிஸ்தவத் திருமணத்துக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டமும், பதிவுத் திருமணத்துக்கு 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டமும் உண்டு. அந்த இரண்டிலும் மனைவி மட்டுமே கேட்க முடியும்.

144-ஐத் தனியாகப் போட்டு வைப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 24-ம் பிரிவு உத்தரவு விவாகரத்து வழக்கு நடக்கும் வரைதான். கணவர் வழக்கை வாபஸ் வாங்கினாலோ அது தள்ளுபடியானாலோ மாதப் பணம் நின்றுவிடும். விவாகரத்துத் தீர்ப்பே வராததால் 25-ம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சமும் கேட்க முடியாது. வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்; பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100.

கேள்வி: என் மனைவி வங்கி அதிகாரி. எனக்கு விபத்தில் கால் போனபின் வேலை இல்லை. ஆண் கேட்க வழி உண்டா?
(வாசகர், மதுரை)

உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 24, 25 பிரிவுகள் கணவன், மனைவி இருவருக்கும் பொது. ஊனச் சான்றும் மருத்துவ ஆவணங்களும் வையுங்கள். 144-ல் கணவருக்கு இடமில்லை.

கேள்வி: நானாகத்தான் வீட்டை விட்டு வந்தேன். சேர்ந்து வாழச் சொல்லி அவருக்குத் தீர்ப்பும் ஆகிவிட்டது. இனி எனக்கு ஒன்றும் கிடையாதா?
(வாசகி, நாகர்கோவில்)

அந்தத் தீர்ப்பு மட்டும் உங்கள் உரிமையைப் பறிக்காது. 2025 ஜனவரி 10-ல் ரீனா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் முடிவு செய்தது. திரும்பிப் போகாததற்குத் தக்க காரணம் இருந்ததா என்று பார்ப்பார்கள். அடி, வரதட்சணைக் கேட்பு, வேறொரு பெண்ணோடு தொடர்பு போன்றவை தக்க காரணம். காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் ரசீது, மருத்துவமனைச் சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். ஒழுக்கத்தைப் பற்றி அவர் பழி சொன்னாலும் ஒரு சம்பவத்தைக் காட்டினால் போதாது. தொடர்ந்து அப்படி வாழ்வதை நிரூபிக்க வேண்டும்.

கேள்வி: பரஸ்பர சம்மதத்தில் பிரியப் பேசி வைத்திருக்கிறோம். ஒரே தொகையாக 15 லட்சம் தருகிறேன் என்கிறார். மாதாமாதம் வாங்குவது நல்லதா, மொத்தமாக வாங்குவது நல்லதா?
(வாசகி, கோயம்புத்தூர்)

15 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 8,750 ரூபாய் வரும். மாதம் 15,000 தேவை என்றால் அதே வட்டிக்கு ஏறக்குறைய 25 லட்சத்து 70 ஆயிரம் முதல் வேண்டும். விலைவாசி உயர்வை இதில் சேர்க்கவில்லை. முதலில் இந்தக் கணக்கை வைத்துப் பேசுங்கள். அவருக்கு நிரந்தர வேலை இல்லை, வெளிநாடு போகக்கூடும், ஒவ்வொரு மாதமும் துரத்த வேண்டிவரும் என்று தோன்றினால் கொஞ்சம் குறைந்தாலும் மொத்தத் தொகையே மேல். அரசு ஊழியர் என்றால் மாத ஜீவனாம்சம் தைரியமாக வாங்கலாம். வரியையும் பாருங்கள்: மாதம் வருவது உங்கள் வருமானமாகக் கணக்காகும். மொத்தத் தொகை பொதுவாக மூலதன வரவு, வரி இல்லை. கொடுப்பவருக்கு இரண்டிலும் வரி விலக்கு இல்லை.

உடன்படிக்கை எழுதும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் மனு அன்று பாதி, இறுதித் தீர்ப்பு அன்று பாதி என்று வரைவோலை எண்ணோடு எழுதுங்கள். முழுத் தொகையும் தீர்ப்புக்குப் பிறகு என்றால் சம்மதிக்காதீர்கள். உங்கள் நகை, சீர்வரிசை உங்கள் சொத்து. அதைத் திருப்பித் தருவதை ஜீவனாம்சத் தொகைக்குள் அடக்க விடாதீர்கள், எடையோடு தனிப் பட்டியல் போடுங்கள். குழந்தைக்கான தொகை தனியாக, குழந்தை பெயரில் டெபாசிட்டாக இருக்கட்டும். "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று நீங்கள் எழுதிக்கொடுத்தாலும் குழந்தையின் உரிமையை உங்களால் விட்டுக்கொடுக்க முடியாது. வீடு தருவதாக இருந்தால் விவாகரத்துக்கு முன்பே செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்துவிடுங்கள். குடும்ப உறுப்பினருக்கான முத்திரைத்தாள் சலுகை மனைவியாக இருக்கும்வரைதான். அதற்கு முன் அந்த வீட்டின்மேல் அடமானம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் ஆறு மாத இடைவெளி உண்டு. 2017-ல் வந்த வேறொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி (அமர்தீப் சிங் வழக்கு) தகுந்த வழக்கில் அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். பணம் முழுதாக வரவில்லை என்றால் அவசரப்பட்டு அந்த மனுவைப் போட வேண்டாம்.

கேள்வி: மாதம் 10,000 தர உத்தரவு. பதினான்கு மாதமாக ஒரு காசு வரவில்லை. என்ன செய்வது?
(வாசகி, சேலம்)

இது 144-ம் பிரிவு உத்தரவு என்றால் நாளைக்கே வக்கீலைப் பாருங்கள். வாரண்ட் மூலம் நிலுவையை வசூலிக்க, பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்கள் விஷயத்தில் முதல் இரண்டு மாதத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். பணமே போய்விட்டது என்று அர்த்தமில்லை. மனுப் போட்டுவிட்டால் பின்னால் சேரும் மாதங்களை அதே மனுவில் சேர்க்கலாம். பணம் கட்டவில்லை என்றால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய் வந்தால் கடன் தீராது. அது பணம் கட்ட வைக்கும் வழி மட்டுமே.

சம்பளக்காரர் என்றால் சம்பளத்தை ஜப்தி செய்வது இதைவிட வேகம். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் சிறு பகுதியைத்தான் தொட முடியும். ஜீவனாம்சத் தீர்ப்பை நிறைவேற்றும்போது மூன்றில் ஒரு பங்குதான் பாதுகாக்கப்பட்டது, மீதி இரண்டு பங்கை ஜப்தி செய்யலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ம் பிரிவு. அவருடைய கம்பெனியின் முழு முகவரி, ஊழியர் எண் இரண்டும் மனுவில் இருக்கட்டும். பி.எஃப். இருப்பைத் தொட முடியாது.

கேள்வி: 2016-ல் விவாகரத்து. அப்போது எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாமா? எனக்குத் தெரிந்த இன்னொருவருக்கு 2014-ல் வந்த 4,000 ரூபாய் உத்தரவு இன்னும் அப்படியே இருக்கிறது.
(வாசகி, தஞ்சாவூர்)

இரண்டுக்கும் வழி உண்டு. 25-ம் பிரிவில் "தீர்ப்பின்போது அல்லது அதற்குப் பின் எப்போது வேண்டுமானாலும்" என்றே இருக்கிறது. ஆனால் நீங்கள் மறுமணம் செய்திருக்கக் கூடாது. பரஸ்பர சம்மதத் தீர்ப்பில் விட்டுக்கொடுத்து எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் தீர்ப்பு நகலைப் படியுங்கள். இத்தனை வருடம் எப்படிச் சமாளித்தீர்கள், இப்போது என்ன மாறியது என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

உங்கள் தோழி சூழ்நிலை மாற்றத்தைக் காட்டித் தொகையை உயர்த்தக் கேட்கலாம். முன்னாள் கணவரின் இன்றைய சம்பளச் சான்றும் தோழியின் இன்றைய செலவுப் பட்டியலும் போதும். புதிதாக உத்தரவு வாங்குபவர்கள் உயர்வையும் அதிலேயே கேட்டு வாங்கிவிடலாம். 2025 மே மாதம் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாதம் 50,000 ரூபாய் என்று நிர்ணயித்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டச் சொன்னது. அந்த ஒரு வரி இருந்தால் ஒவ்வொரு உயர்வுக்கும் தனி மனுப் போட வேண்டியதில்லை.